பேசத் தயங்கிய பிள்ளை



'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. வீட்டுக்கு விருந்தினர் வந்தால், எதிரே ஓடிவந்து கலகலவென்று நாலு வார்த்தை பேசும் குழந்தையை யாவரும் மெச்சுகின்றனர். கதவுக்குப் பின்னே நின்று எட்டிப் பார்க்கும் குழந்தையையோ, 'இதென்ன, ஊமைக் கோட்டான் மாதிரி!' என்று அதன் காதுபடவே சொல்லிச் சிரிக்கின்றனர். வாயாடிக் குழந்தையும் முற்றிலும் தப்பிவிடுவதில்லை. இன்று மெச்சியவர்களே நாளை அதற்கு 'அதிகப்பிரசங்கி' என்று பட்டம் சூட்டிவிடுவார்கள். எவ்வளவு பேசினால் போதும் என்ற கணக்கை மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தவன். பிற்பகுதியில் தலைமையாசிரியனாகவும் இருந்தவன். கூச்சமுள்ள மாணவர் எவரேனும் எதிர்ப்பட்டால் நான் கையாண்ட மருந்து ஒன்று உண்டு. அது காந்தியடிகளின் கதை. 'காந்தியடிகள் சிறு வயதில் உன்னைவிடக் கூச்சம் உடையவர். தென்னாப்பிரிக்காவில் அவரை ரயிலிலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். அந்த ஓர் இரவில் கூச்சமெல்லாம் பறந்துவிட்டது. பிறகு உலகமே அவர் பேச்சைக் கேட்டது. நீ மட்டும் ஏன் பயப்படுகிறாய்?' என்பேன். ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் இந்தக் கதை என் வாயில் தவறாமல் வரும்.

1997ஆம் ஆண்டு காந்தி ஜயந்தி விழாவுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரைப் பேசும்படி கட்டளையிட்டேன். தமிழ்க் கட்டுரை எழுதுவதில் அப்பள்ளியில் அவருக்கு நிகர் இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்பதற்குக்கூட அவருக்குக் குரல் எழாது. 'வேண்டாம் ஐயா' என்று இரண்டு முறை சொன்னார். நான் மேற்படி மருந்தைக் கொடுத்து அனுப்பினேன். விழாவன்று கையில் ஒரு தாளோடு மேடை ஏறினார். தாள் நடுங்கியது. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நான் நாற்காலியில் இருந்தபடியே, 'பேசு, பேசு, காந்தி பேசவில்லையா?' என்றேன். அவர் சற்று நேரம் நின்றார். பிறகு இறங்கிச் சென்றுவிட்டார். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து அவருடைய தந்தையார் வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். 'விலகும் காரணம்' என்ற இடத்தில் எழுத்தர் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதிக் கொண்டுவந்தார். நான் கையொப்பம் இட்டேன்.

அதன் பிறகுதான் 'சத்திய சோதனை'யை மறுபடி எடுத்தேன். அடிகள் அதை 1925ஆம் ஆண்டு முதல் தம் 'நவஜீவன்' வார இதழில் பகுதி பகுதியாக எழுதி வந்தார். கூச்சத்தைப் பற்றி அவர் சொல்லும் இடந்தோறும் ஓரத்தில் பென்சிலால் ஆண்டைக் குறித்துக்கொண்டே சென்றேன். குறித்து முடித்தபோது, நான் இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்த கதை உண்மையில்லை என்று தெரிந்தது. அந்த ஆண்டுகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

போர்பந்தரில் 1869ஆம் ஆண்டு பிறந்த மோகன்தாஸுக்கு ஏழு வயது அளவில் குடும்பம் ராஜ்கோட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் சேர்ந்தார். மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் பள்ளியில் இருப்பார். விட்டவுடன் வீட்டுக்கு ஓடிவிடுவார். ஓடுவது என்றால் மெய்யாகவே ஓடுவதுதான். வழியில் எவரேனும் பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடுவார்களோ என்ற அச்சம். புத்தகங்களும் பாடங்களுமே துணை. ஆனால் அதே பிள்ளையை அவருடைய தமக்கை ரலியாத்பென் வேறு விதமாக நினைவுகூர்ந்திருக்கிறார். குழந்தைப் பருவத்தில் ஒரு நொடி ஓர் இடத்தில் இராமல் பாதரசம்போல் ஓடித் திரிந்தவர், தெருநாய்களின் காதைத் திருகி விளையாடியவர் என்பது அவர் தரும் சித்திரம். வீட்டில் ஒரு பிள்ளை, வெளியில் வேறொரு பிள்ளை. வகுப்பில் வாய் திறவாத மாணவரின் தாயார், 'வீட்டில் இவன் பேச்சு தாங்கவில்லை' என்று சொல்வதைக் கேட்காத ஆசிரியர் இருக்க முடியாது.

கல்வி அதிகாரி வந்து 'கெட்டில்' என்ற சொல்லை எழுதச் சொன்ன நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன். தலைமையாசிரியனாகிய என் மனத்தைத் தைத்தது வேறொரு நிகழ்ச்சி. உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் தோராப்ஜி எதுல்ஜி கிமி, மேல் வகுப்பினருக்குத் தேகப்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். மோகன்தாஸுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. கூச்சம் ஒரு காரணம்; பள்ளி விட்டதும் சென்று நோயுற்ற தந்தையாருக்குப் பணிவிடை செய்யவேண்டும் என்ற ஆவல் மற்றொன்று. ஒரு சனிக்கிழமை. காலையில் பள்ளி, மாலை நான்கு மணிக்குத் தேகப்பயிற்சி. கையில் கடிகாரம் இல்லை. வானம் மேகமூட்டமாக இருந்ததால் பொழுது தெரியவில்லை. மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் போய்விட்டிருந்தனர். மறுநாள் பதிவேட்டைப் பார்த்த தலைமையாசிரியர் காரணம் கேட்டார். சிறுவர் நடந்ததைச் சொன்னார். தலைமையாசிரியர் நம்பவில்லை. ஓர் அணாவோ இரண்டு அணாவோ அபராதம் விதித்தார்; எது என்று அடிகளுக்கே பின்னாளில் நினைவில்லை. அபராதம் அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பொய் சொன்னவன் என்று முடிவாகிவிட்டதே என்று அழுதார்.

கிமி கெட்டவர் அல்லர். ஒழுங்கும் முறையும் உடையவர், நன்றாகப் பாடம் சொல்பவர், மாணவர் விரும்பிய ஆசிரியர் என்று அடிகளே எழுதுகிறார். இதுதான் என்னை உறுத்துகிறது. நல்ல தலைமையாசிரியர் ஒருவர், மெய் சொன்ன சிறுவரைப் பொய்யராக்கினார். வாயுள்ள பிள்ளையாக இருந்தால் மேகத்தைப் பற்றியும் கடிகாரத்தைப் பற்றியும் நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்லி நம்பவைத்திருக்கும். பின்னர் அவருக்குத் தேகப்பயிற்சியிலிருந்து விலக்குக் கிடைத்தது. அதைப் பெற்றுத் தந்தது தந்தையார் எழுதிய கடிதம். மகனால் பேசிப் பெற முடியாததைத் தந்தையின் எழுத்துப் பெற்றுத் தந்தது.

இனிப் பென்சில் குறிப்புகளைப் பாருங்கள். 1888. சீமைக்குப் புறப்படும் மாணவருக்குப் பள்ளியில் வழியனுப்பு விழா. நன்றி கூறச் சில வரிகளை எழுதி வைத்திருந்தார். எழுந்து நின்றதும் தலை சுழன்றது. உடல் முழுதும் நடுங்கியது. அந்தச் சில வரிகளைத் தட்டுத்தடுமாறிப் படித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாயில் கப்பல் ஏறினார். ஆங்கிலம் பேசப் பழக்கமில்லை. கத்தி, முள்கரண்டி பிடிக்கவும் தெரியாது. எது மாமிசம் கலவாத உணவு என்று கேட்கவும் துணிவில்லை. ஆகவே சாப்பாட்டு மேசைக்கே போகாமல், கொண்டு சென்ற இனிப்பும் பழமும் தின்று அறையிலேயே அடைந்து கிடந்தார். உடன் சென்ற ஜுனாகத் வக்கீல் மஜும்தார், வக்கீலுக்கு நாக்கு நீளமாக இருக்கவேண்டும், மேல்தளத்துக்கு வந்து நாலு பேரோடு பழகு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பயன் இல்லை.

லண்டனில் மரக்கறி உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியில் உறுப்பினரானார். ஒரு கூட்டமும் தவறாமல் செல்வார். ஒரு வார்த்தையும் பேசமாட்டார். டாக்டர் ஓல்டுபீல்டு என்ற நண்பர், 'என்னிடம் நன்றாகத்தானே பேசுகிறீர்? கமிட்டியில் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?' என்ற கருத்தில் கேட்டு, அவரைத் தேன்கூட்டில் சும்மா இருக்கும் ஆண் தேனீக்கு ஒப்பிட்டுக் கேலி செய்தார்.

1891இல் அந்தக் கமிட்டிக்கு ஒரு சோதனை வந்தது. சங்கத்தின் தலைவர் ஹில்ஸ் என்பவர், தேம்ஸ் இரும்புத் தொழிற்சாலையின் அதிபர். சங்கம் பெரும்பாலும் அவர் பணத்தில்தான் நடந்தது. உறுப்பினருள் ஒருவராகிய டாக்டர் அல்லின்சன் கருத்தடை முறைகளை ஆதரித்துப் பிரசாரம் செய்தவர். ஒழுக்க விஷயத்தில் மிகக் கண்டிப்பான ஹில்ஸ் அவரைச் சங்கத்திலிருந்து நீக்க விரும்பினார். கருத்தடை பற்றி அடிகளும் ஹில்ஸின் கட்சியே. ஆயினும், மரக்கறி உணவுக்காக ஏற்பட்ட சங்கத்திலிருந்து வேறொரு கொள்கைக்காக ஒருவரை விலக்குவது முறையன்று என்று அவருக்குப் பட்டது. பேசத் துணிவு வரவில்லை; எழுதிக்கொண்டு போனார். எழுதியதைப் படிக்கவும் இயலவில்லை. தலைவர் அதை வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். அல்லின்சன் தோற்றார்.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். பணம் கொடுப்பவர் தலைவர். அவர்மேல் மதிப்பும் உண்டு. எதிர்த் தரப்பினரோ தம் கருத்துக்கு மாறானவர். அவருக்காக ஒருவர் கமிட்டியில் எழுந்து நிற்கிறார், கால் நடுங்குகிறது, வாய் வரவில்லை. இவரைக் கோழை என்று சொல்லலாமா? நாவில் உள்ள அச்சம் வேறு, நெஞ்சில் உள்ள அச்சம் வேறு. பள்ளிகளில் நாங்கள் இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதிவிடுகிறோம். திருக்குறளில் 'அவை அஞ்சாமை' என்னும் அதிகாரத்துக்கு முன்னதாக 'அவை அறிதல்' என்னும் அதிகாரம் நிற்பதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மேடையில் அமர்ந்தபோது அது எனக்கே மறந்துபோயிற்று.

அக்காலத்திலேயே வெண்ட்னர் என்னும் கடற்கரை ஊரில் நடந்த கூட்டம் ஒன்றில் எழுதிய பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். தாள் ஒரு பக்கந்தான். கண் இருண்டது. அதை வாங்கிப் படித்தவர், கப்பலில் நாக்கு நீளம் பற்றி உபதேசித்த அதே மஜும்தார். 1891ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிஸ்டரானார். தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்கு ஹோல்பர்ன் உணவு விடுதியில் விருந்து வைத்தார். நகைச்சுவையாகச் சில வாக்கியங்கள் பேச எண்ணிப் பெருமுயற்சியோடு உருப்போட்டிருந்தார். முதல் வாக்கியத்துக்குமேல் நினைவு வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பம்பாய்க்கு வந்து வக்கீல் தொழில் தொடங்கினார். சிறு வழக்கு நீதிமன்றத்தில் மமிபாய் என்பவர் சார்பில் முதல் வழக்கு. கட்டணம் முப்பது ரூபாய். எதிர்த் தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. நீதிமன்றமே சுழல்வதுபோல் இருந்தது. அமர்ந்துவிட்டார். வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளும்படி சொல்லி முப்பது ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஓர் உயர்நிலைப் பள்ளியில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க எழுபத்தைந்து ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தார். பட்டதாரி அல்லர் என்று தள்ளிவிட்டார்கள். எங்கள் தொழிலுக்கு வாய்க்கவிருந்த பெரும்பேறு ஒரு பட்டத்தால் தவறிப் போயிற்று!

1893. தென்னாப்பிரிக்கா. மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து இறக்கப்பட்ட குளிர் இரவை நீங்கள் அறிவீர்கள். பிரிட்டோரியா போய்ச் சேர்ந்த சில நாட்களில் அங்குள்ள இந்தியரின் கூட்டம் ஒன்றைக் கூட்டுவித்தார். வந்தவர்கள் பெரும்பாலும் மேமன் வணிகர்கள். அங்கே பேசியதுதான் தம் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு என்று அவரே எழுதுகிறார். வணிகத்தில் உண்மை வேண்டும் என்பதையும், இந்தியர் சுகாதாரப் பழக்கங்களில் கவனமாயிருக்க வேண்டும் என்பதையும் எடுத்துரைத்தார். இறுதியில், ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குத் தாமே வந்து கற்பிப்பதாகச் சொன்னார். மூவர் முன்வந்தனர்: ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சில்லறைக் கடைக்காரர். அவர்கள் தொழில் செய்யும் இடத்துக்கே சென்று, அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும்வரை காத்திருந்து கற்பித்தார். பம்பாயில் கிட்டாத ஆசிரியப் பதவி சம்பளமில்லாமல் பிரிட்டோரியாவில் கிட்டிவிட்டது.

இங்கே கதையை முடித்துவிட்டால் நான் மாணவர்களுக்குச் சொல்லி வந்த கதை சரியாகிவிடும். ஆனால் பென்சில் குறிப்புகள் இன்னும் இருக்கின்றன.

1894ஆம் ஆண்டளவில் டர்பனில் அவருடைய அலுவலகத்துக்குத் தமிழர் ஒருவர் வந்தார். ஒப்பந்தக் கூலி; பெயர் பாலசுந்தரம். உடை கிழிந்திருந்தது; முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் இரத்தம் வழிந்தது; தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கி அழுதார். வெள்ளையர் முன் தலைப்பாகையைக் கழற்றவேண்டும் என்று கூலிகளுக்கு வழக்கமாக்கியிருந்தார்கள். அதே மரியாதையை அவர் இங்கும் காட்டினார். அடித்தவர் அவருடைய எசமானராகிய வெள்ளையர். அடிகளின் குமாஸ்தா தமிழர். அவர் வாயிலாகவே விவரம் தெரிந்தது. முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி சொன்னார் அடிகள். பிறகு மருத்துவரிடம் அனுப்பிச் சான்றிதழ் பெற்று, மாஜிஸ்திரேட் முன் கொண்டுசென்றார். இறுதியில் பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் வேறு எசமானருக்கு மாற்றப்பட்டது. வாய் உடைபட்டு, தம் மொழி அறியாதவர் முன் நின்ற ஒருவரின் வழக்கை எடுத்துப் பேசியவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் விருந்தில் இரண்டாம் வாக்கியம் பேச முடியாமல் உட்கார்ந்தவர்.

எனில், கூச்சம் போய்விட்டதா? 1896இல் இந்தியா வந்தார். தென்னாப்பிரிக்க இந்தியர் படும் துன்பத்தை விளக்க செப்டம்பர் 26ஆம் நாள் பம்பாயில் பெருங்கூட்டம். பெரோஸ்ஷா மேத்தாவின் அறிவுரைப்படி பேச்சை முன்னதாகவே எழுதி அச்சிட்டிருந்தார். நல்ல காலம்! எழுந்து படிக்கத் தொடங்கியதும் உடல் நடுங்கியது. 'இன்னும் உரக்க, இன்னும் உரக்க' என்று மேத்தா ஊக்கினார். குரல் மேலும் மேலும் இறங்கியது. நண்பர் கேசவராவ் தேஷ்பாண்டே தாளை வாங்கிக்கொண்டார். கூட்டமோ 'வாச்சா, வாச்சா' என்று கூவியது. தீன்ஷா வாச்சா எழுந்து படித்தார். கூட்டம் அடங்கி இறுதிவரை கேட்டது. ரயில் நிகழ்ச்சி நடந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதைக் கவனியுங்கள்.

ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 26ஆம் நாள், நம் சென்னையில் பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். இங்கும் அச்சிட்ட பேச்சுதான். அவரளவுக்கு நீண்ட பேச்சும்கூட. ஆனால் கூடியிருந்தோர் ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டனர். பாலசுந்தரத்தின் செய்தி சென்னை மக்களின் உள்ளத்தைத் தொட்டிருந்தது. கூட்டம் முடிந்ததும் பச்சை அட்டையிட்ட அவருடைய பிரசுரத்தை வாங்க நெருக்கியடித்தனர். மகிழ்ச்சியில் இரண்டாம் பதிப்பாகப் பதினாயிரம் படிகள் அச்சிட்டுவிட்டார். ஆங்கிலம் படித்தவர்கள் அவ்வளவு பேர் சென்னையில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்ததாம்.

பம்பாய்க் கூட்டத்தைப் பற்றி நான் படித்த நாள் முதல் ஒன்று மனத்தைவிட்டு அகலவில்லை. அடிகளின் கையில் தாள் நடுங்கியபோது அதை வாங்கிப் படிக்க இருவர் எழுந்தனர். ராஜ்கோட்டில் ஒரு கடிதம், லண்டன் கமிட்டியில் ஒரு குரல், வெண்ட்னரில் மஜும்தார், பம்பாயில் வாச்சா. ஒவ்வொரு முறையும் ஒருவர் இருந்தார். அந்த அக்டோபர் நாளில் எங்கள் பள்ளி மேடையிலும் ஒரு தாள் நடுங்கியது. அதை எட்டி வாங்கும் தொலைவில்தான் நான் அமர்ந்திருந்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தம் கூச்சத்தால் சில சமயம் நகைப்புக்கு இடமானதைத் தவிர வேறு கேடு விளையவில்லை என்றே அடிகள் கருதினார். முதலில் தொல்லையாயிருந்த தயக்கம் பின்னர் இன்பமாயிற்று என்கிறார். சொல்லைச் சிக்கனமாகச் செலவிட அது தமக்குக் கற்பித்தது என்றும், எண்ணிப் பாராத சொல் தம் நாவிலிருந்தோ பேனாவிலிருந்தோ வருவது அரிது என்றும் எழுதுகிறார். பிற்காலத்தில் திங்கட்கிழமைகளை மௌன நாளாக வைத்துக்கொண்டார். அன்று வைசிராயே வந்தாலும் துண்டுத் தாளில் எழுதிக் காட்டுவார். வாயாடிகள் என்று பெயர் எடுத்த மாணவர்கள் இந்தப் பகுதியைப் படித்துப் பார்க்கலாம். கூச்சமுள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று அது.

கடைசிக் குறிப்பு 1901. கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை. விஷயாலோசனைக் கமிட்டியில் இரவு பதினொரு மணிக்குத் தென்னாப்பிரிக்கா பற்றிய தீர்மானத்துக்கு ஒருவாறு இடம் கிடைத்தது. கோகலே முன்னதாகவே அதைப் பார்த்து ஆதரித்திருந்தார். மறுநாள் மகாசபையில் ஐந்து நிமிஷம் பேசவேண்டும். நன்றாகத் தயார் செய்துகொண்டார். படிக்காமல் பேசுவது என்றும் தீர்மானித்தார். பெயரை அழைத்ததும் எழுந்தார்; தலை சுழன்றது. எப்படியோ தீர்மானத்தைப் படித்தார். கடல் கடந்து குடியேறுவதைப் புகழ்ந்து யாரோ அச்சிட்டு வழங்கியிருந்த கவிதை ஒன்றையும் படித்தார். தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளைச் சொல்லத் தொடங்கினார். அப்போது தலைவர் மணியை அடித்தார். இன்னும் இரண்டு நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்பதற்கான எச்சரிக்கை மணி அது. அடிகளுக்கு அது தெரியாது. மற்றவர்கள் அரை மணி, முக்கால் மணி பேசியும் மணி அடிக்கவில்லையே என்று மனம் வருந்தி, உடனே உட்கார்ந்துவிட்டார்.

மணி அடித்த தலைவர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் அவர் தாளை வாங்கிப் படித்த அதே தீன்ஷா வாச்சா. அடிகளுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு.